பணம் கட்டிப் பாடலை அனுப்பலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். பகலில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. மற்ற நேரத்தில் தம்பியுடன் சேர்ந்து தமிழ்ப் பாடல்களுக்கு இசையமைக்கிறேன். தவிலையும் எங்கள் ஊரில் பிறந்த கோம் (gqom) என்ற மின்னணு நடன இசையின் தாளத்தையும் இணைத்து நான்கு பாடல்களைப் பதிவு செய்திருக்கிறோம். மூன்று எங்கள் சொந்தப் பாடல்கள். ஒன்று கோயிலில் கற்ற திருப்புகழ். முதல் பாடலை மூன்று மாதங்களுக்கு முன் வெளியிட்டோம். ஸ்பாட்டிஃபையில் சுமார் 700 முறை கேட்கப்பட்டிருக்கிறது. பாடற்பட்டியல் தொகுப்பவர்களிடம் பாடலைக் கொண்டுசேர்க்கும் சப்மிட்ஹப் தளம் வழியாகப் பணம் கட்டிப் பத்துப் பேருக்கு அனுப்பினோம். ஒன்பது பேர் மறுத்துவிட்டார்கள். ஏற்றுக்கொண்ட ஒருவரின் பட்டியலிலிருந்து வந்தவர்களில் 14 பேர் பாடலைச் சேமித்திருக்கிறார்கள். இப்போது இன்ஸ்டாகிராமில் ஒருவர், 3,000 ராண்ட் கொடுத்தால் 50,000 கேட்புகளுக்கு உறுதி தருவதாக எழுதியிருக்கிறார். எங்கள் கையில் இருப்பது 6,000 ராண்ட். இந்தக் கட்டணச் சேவைகள் எல்லாமே ஏமாற்றுத்தானா? இந்தப் பணத்தை எதில் செலவிடலாம்? பாடலின் இணைப்பையும் வந்த மறுப்புக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு, வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் உங்களுக்கு எழுதிய அந்த நபருக்கு ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். இத்தனை கேட்புகளுக்கு உறுதி என்று எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லி விற்பவர் எவராயினும், அவர் விற்பது மனிதர்களின் செவியை அல்ல. ஒரு பாடலை எத்தனை பேர் விரும்பிக் கேட்பார்கள் என்று எவராலும் முன்பே உறுதி கூற முடியாது. அந்த எண்ணிக்கை பெரும்பாலும் தானாக இயங்கும் மென்பொருள் கணக்குகளால் ஓட்டப்படுவது. ஸ்பாட்டிஃபை இதைச் செயற்கைக் கேட்பு என்று வகைப்படுத்தி, அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. 2024 முதல், அப்பட்டமான செயற்கைக் கேட்பு கண்டறியப்படும் பாடல்களுக்கு, அவற்றை வெளியிட்ட விநியோக நிறுவனத்திடம் தண்டத்தொகையும் வசூலிக்கிறது. விநியோக நிறுவனங்கள் பல அந்தத் தொகையைக் கலைஞரின் தலையிலேயே கட்டுகின்றன. சில, பாடலையே நீக்கிவிடுகின்றன. "நான் மென்பொருளை ஓட்டவில்லை, வேறொருவர்தான் செய்தார்" என்ற விளக்கம் அங்கே எடுபடாது. மூன்று மாதம் உழைத்துச் சேர்த்த 700 உண்மையான கேட்புகளும் பாடலோடு சேர்ந்து போய்விடும்.

அந்த ஆசை ஏன் எழுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. கடந்த 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொடாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை உரிமத்தொகை தருவதில்லை என்ற விதி 2024 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. 700இல் நிற்கும் ஒருவருக்கு அந்த ஆயிரம் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் அதைத் தாண்டினால் கிடைப்பது எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஒரு கேட்புக்கு இவ்வளவு என்ற நிலையான விலை எதுவும் இல்லை; எனினும் கலைஞர்கள் தங்கள் கணக்குகளிலிருந்து பொதுவாக மதிப்பிடுவது ஆயிரம் கேட்புகளுக்கு மூன்று, நான்கு டாலர். டாலருக்கு ஏறத்தாழ 18 ராண்ட் என்று வைத்தால், ஆயிரம் கேட்புகள் 55 முதல் 70 ராண்ட் வரை தரும். கணக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் உங்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை: கேட்புகள் அத்தனையும் உண்மையாகவே இருந்தாலும், 3,000 ராண்டைத் திரும்ப எடுக்க நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேட்புகள் தேவைப்படும். ஆகவே இப்போது செலவிடும் பணத்தை வருமானத்துக்கான முதலீடாக எண்ணாமல், உங்கள் பாடலுக்கு உரிய கேட்போரைக் கண்டுபிடிப்பதற்கான செலவாக எண்ணுங்கள். அந்த நோக்கில் பார்த்தால்தான் எந்தச் சேவை பயன் தரும், எது தராது என்பது தெளிவாகும்.

இனி, உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். கட்டணச் சேவைகள் எல்லாமே ஏமாற்று அல்ல. ஒழுங்காக நடத்தப்படும் சேவைகள் விற்பது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் பாடலை ஒருவர் கேட்டுப் பதில் சொல்வார் என்ற உறுதி. அவர் ஏற்றுக்கொள்வார் என்ற உறுதியை அவை விற்பதில்லை. விற்கவும் கூடாது, ஏனெனில் பாடற்பட்டியலில் இடத்தைப் பணத்துக்கு விற்பதை ஸ்பாட்டிஃபையின் விதிகள் தடை செய்கின்றன. தேர்வுக் கட்டணம் கட்டுவது போன்றதுதான் இது. கட்டியதால் விடைத்தாள் திருத்தப்படும், தேர்ச்சி தனி விஷயம்.

நீங்கள் பயன்படுத்திய சப்மிட்ஹப் 2015இல் தொடங்கப்பட்டது. அதில் பணம் கட்டி வாங்கும் கிரெடிட் ஏறத்தாழ ஒரு டாலர் மதிப்புடையது. பட்டியல் தொகுப்பாளர் ஒருவருக்கு அனுப்ப ஒன்று முதல் சில கிரெடிட்டுகள் வரை ஆகும். அவர் குறைந்தது 20 விநாடி கேட்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்; தராவிட்டால் கிரெடிட் திரும்பி வரும். பிரான்சைச் சேர்ந்த குரூவர் 2018இல் வந்தது. அங்கே ஒருவருக்கு அனுப்புவதற்கான அடிப்படைக் கட்டணம் 2 யூரோ, பதிலுக்கான கெடு 7 நாள், பதில் வராவிட்டால் தொகை உங்கள் கணக்குக்குத் திரும்பும். இவ்விரண்டும் தாங்கள் சொல்வதைச் செய்பவை. நூற்றுக்கணக்கான டாலர்களை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டு, யாரிடம் பாடலைக் கொடுக்கிறோம் என்பதைக்கூட உங்களுக்குத் தெரிவிக்காத பிரசாரச் சேவைகளும் இருக்கின்றன. 6,000 ராண்ட் வைத்திருக்கும் ஒருவருக்கு அவை ஏற்றவை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

அந்த 20 விநாடியைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் முதல் பாடலைக் கேட்டேன். தம்புரா சுருதியோடு நீங்கள் பாடும் ஆலாபனை அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறது. அதன் பிறகுதான் தவில் நுழைகிறது, கோம் தாளம் அதற்கும் பின்னால் வருகிறது. அந்த ஆலாபனை மிக நன்றாக இருக்கிறது, அதைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். ஆனால் உங்கள் பாடலைத் திறந்த தொகுப்பாளர்களில் பலர் தவிலின் ஒலியையே கேட்காமல் முடிவெடுத்திருக்கக்கூடும். நடன இசைப் பட்டியல் நடத்தும் ஒருவர் முதல் 20 விநாடியில் தாளமே கேட்காவிட்டால் என்ன நினைப்பார்? அனுப்புவதற்கென்று தனியாக, தவில் நுழையும் இடத்துக்குச் சற்று முன் தொடங்கும் குறுவடிவம் ஒன்றைத் தயார் செய்து, அதையும் ஒரு வெளியீடாகவே வெளியிடுங்கள். முழுவடிவம் உங்கள் தொகுப்பில் அப்படியே இருக்கட்டும்.

அடுத்து மறுப்புக் குறிப்புகள். ஒன்பதையும் படித்தேன். அவற்றில் ஐந்து, "நல்ல முயற்சி, ஆனால் என் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்பதன் வெவ்வேறு வடிவங்கள்தாம். இத்தகைய வாக்கியங்கள் ஒரே நாளில் பலருக்கு எழுதப்படுபவை; அவற்றில் உங்கள் இசையைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை, ஆகவே மனம் வருந்தவும் வேண்டாம். ஒருவர், மொழி புரியாததால் தன் கேட்போர் ஏற்கமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அது உங்கள் குறை அல்ல. அவருக்கு அனுப்பியதுதான் பிழை. ஆனால் மீதமுள்ள மூவர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஏறத்தாழ ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: தாளம் வந்தவுடன் குரல் அமுங்கிவிடுகிறது, கீழ் ஒலிகள் குழம்புகின்றன. இந்த மூன்று குறிப்புகளுக்காகவே நீங்கள் கட்டிய பணம் வீணாகவில்லை என்பேன்.

அவர்கள் சொல்வது சரி. பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்படுத்தும் ஒலிக்கலவையே என் தொழில் என்பதால் இதை விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தவிலின் வலப்பக்கமான வலந்தலை கூர்மையாக, மேலெழுந்து ஒலிப்பது. அதற்கு உங்கள் கலவையில் எந்த இடையூறும் இல்லை. தொப்பிப் பக்கம்தான் பிரச்சினை. கழியால் அடிக்கப்படும் அந்தப் பக்கத்தின் கீழ் அதிர்வுகளும், கோம் தாளத்தின் கிக் எனப்படும் கனத்த அடியொலியும் ஏறத்தாழ ஒரே இடத்தில், அதாவது 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலும் கீழுமாக, மோதிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் விழும்போது எதுவும் தெளிவாகக் கேட்பதில்லை. தாளம் வலுவாக வர வேண்டும் என்று நீங்கள் மொத்த ஒலியளவையும் கூட்ட, குரல் பின்னுக்குப் போய்விடுகிறது. எது கீழே இருக்க வேண்டும் என்பதை நீங்களும் தம்பியும் முடிவு செய்ய வேண்டும். கிக் கீழே இருக்கட்டும் என்றால், தொப்பியின் கீழ் அதிர்வுகளைச் சற்று வெட்டி, அதன் நடுப்பகுதி ஒலியைத் தூக்குங்கள். அல்லது கிக் விழும் கணத்தில் மட்டும் தொப்பி தானே தாழும்படி சைட்செயின் முறையில் அமையுங்கள். பாடல் வரிகள் வரும் இடங்களில் சிந்தசைசரின் அடுக்குகளில் ஒன்றை நிறுத்திவிட்டாலே குரல் முன்னால் வந்துவிடும். இதை நீங்களே செய்ய முடியாவிட்டால், அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து மறுகலவை செய்து கொள்ளுங்கள். உங்கள் 6,000 ராண்டில் பெரும்பங்கு, குறைந்தது பாதியாவது, இதற்குத்தான் போக வேண்டும். கலவை சரியில்லாத பாடலை இன்னும் நூறு பேருக்குக் கட்டணம் கட்டி அனுப்பினாலும் இதே பதில்தான் வரும்.

கலவை சரியான பிறகு, பணம் கேட்காத வழிகளை முதலில் பயன்படுத்துங்கள். இன்னும் வெளிவராத பாடலைக் கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை பக்கத்தின் வழியாக அதன் ஆசிரியர் குழுவுக்கு நீங்களே இலவசமாகப் பரிந்துரைக்கலாம். வெளியான பாடலுக்கு இந்த வாய்ப்பு இல்லை. எனவே முதல் பாடலின் பழைய வடிவத்துக்கு இது பயன்படாது, மற்றவற்றுக்குப் பயன்படும். வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாகப் பரிந்துரைத்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதிய வெளியீட்டுப் பட்டியலில் அப்பாடல் சேர்க்கப்படும். நான் நான்கு வாரம் முன்னதாகச் செய்யச் சொல்வேன். அந்தப் படிவம் இசை வகை, மனநிலை, கருவிகள், மொழி, பண்பாடு, சொந்த ஊர் ஆகியவற்றைக் கேட்கிறது. தவில், தமிழ், டர்பன் என்று உள்ளது உள்ளபடியே நிரப்புங்கள். பொதுவான நடன இசை என்று எழுதினால் கூட்டத்தில் கரைந்துபோவீர்கள். விவரிப்பதற்கு 500 எழுத்துகள் தருகிறார்கள். தவிலும் கோமும் எப்படிச் சேர்ந்தன என்பதை அதற்குள் சொல்லிவிடலாம்.

பாடலின் பெயர் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாடலின் தலைப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் நாட்டில் தமிழ்ப் பாடலை நெஞ்சாரக் கேட்கும் பலருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது; தேடும்போது அவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். டர்பன் அருகே ஃபீனிக்ஸிலும் ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலும் இருக்கும் அவர்களுக்கு உங்கள் பாடல் அகப்படாமல் போவது பெரிய இழப்பு. தலைப்பை ஆங்கில எழுத்தில் கொடுத்து, பாடல் மொழி தமிழ் என்று விநியோக நிறுவனத்தின் படிவத்தில் குறித்து, அட்டைப்படத்தில் தமிழ் எழுத்தைப் பெரிதாக வையுங்கள்.

அடுத்து நம் சொந்த ஊர் வானொலி. லோட்டஸ் எஃப்.எம். 1983 முதல் இங்குள்ள இந்திய வம்சாவளியினருக்காக ஒலிபரப்பி வருகிறது. 2016 மே மாதத்தில், அதை நடத்தும் பொதுத்துறை ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. தன் வானொலிகளில் 90 விழுக்காடு உள்நாட்டு இசை வேண்டும் என்று அறிவித்தபோது, அந்நிலையத்தின் நேயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பழகியிருந்தது இந்தியத் திரைப்பாடல்களுக்கு. அந்த எதிர்ப்பில் நான் கண்டது, இந்நாட்டில் உருவாகும் தமிழ்ப் பாடல்கள் போதிய அளவில் இல்லை என்ற உண்மையைத்தான். அந்த இடைவெளியில் நிற்பது உங்களைப் போன்றவர்களின் பாடல்கள். எனவே லோட்டஸுக்கும், டர்பனின் சமூக வானொலியான ஹிந்த்வாணிக்கும் அனுப்புங்கள். இடையில் எவராவது பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுப்புமுன் பாடல்களைச் சாம்ரோவில் பதிவு செய்வது மிக முக்கியம். இசையமைத்தவருக்கும் பாடல் எழுதியவருக்கும் வானொலி ஒலிபரப்புக்கான உரிமத்தொகையைத் திரட்டித் தருவது அந்த அமைப்பு. பாடியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் உரியதைத் திரட்டுவது சாம்ப்ரா. இரண்டிலும் உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு செய்யாத பாடல் ஆயிரம் முறை ஒலித்தாலும் பணம் உங்களைத் தேடி வராது. தம்பியின் பங்கு எவ்வளவு என்பதையும் இப்போதே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். உடன்பிறந்தவர்களிடையே இது தேவையா என்று தயங்க வேண்டாம்.

திருப்புகழைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அருணகிரிநாதரின் சொற்கள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அவற்றுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் கோயிலில் நீங்கள் கற்ற மெட்டு, அண்மைக் காலத்தில் ஒருவர் அமைத்ததாகவும் ஒலிப்பதிவாக வெளிவந்ததாகவும் இருக்கக்கூடும். கற்றுக்கொடுத்தவரிடம் அது யாருடைய மெட்டு என்று கேட்டுத் தெளிவு பெறும்வரை அப்பாடலை எந்தக் கட்டணச் சேவைக்கும் அனுப்பாதீர்கள். நல்ல வரவேற்புப் பெற்ற பிறகு உரிமைக் கோரிக்கை வந்தால் பாடலையே இறக்க நேரிடும். மெட்டு பற்றிய சிக்கல் இல்லை என்றால், அதைத் தைப்பூசக் காவடிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக வெளியிடுங்கள். அந்த நாட்களில் டர்பனில் அதைக் கேட்க ஆவலாக இருக்கும் வீடுகள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகு, கட்டணச் சேவைக்கு 1,000 ராண்ட் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். சென்ற முறை பட்டியல்களின் பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். இம்முறை அதைக் கடைசியாகப் பாருங்கள். ஒவ்வொரு தொகுப்பாளரின் பட்டியலையும் திறந்து, அதில் ஏற்கெனவே உள்ள பாடல்களில் பத்தையாவது கேளுங்கள். உங்கள் பாடல் அவற்றுக்கு நடுவே ஒலித்தால் இயல்பாக இருக்குமா? தென்னிந்தியத் தாளமும் மின்னணு இசையும் கலந்தவை, ஆப்பிரிக்க நடன இசை, புலம்பெயர்ந்தோர் இசை ஆகியவற்றைத் தொகுப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். குரூவரில் பிரெஞ்சு ஊடகத்தினர் அதிகம் என்பதால், ரீயூனியன், மொரீஷியஸ் இசையைக் கேட்டுப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்களா என்றும் தேடுங்கள். ரீயூனியன் தீவின் மாலோயா இசையின் தாளத்தை அறிந்த செவிக்குத் தவில் அந்நியமாக இருக்காது.

பட்டியல் உண்மையானதா என்று அறிய, அதில் உள்ள சிறிய கலைஞர்கள் சிலரின் பக்கங்களுக்குச் செல்லுங்கள். அவர்களின் மாதாந்திரக் கேட்போர் பல்லாயிரமாகவும் பின்தொடர்பவர்கள் சில பத்துப் பேராகவும் இருந்தால், எங்கிருந்து கேட்கிறார்கள் என்ற பகுதியில் அந்தக் கலைஞருக்குத் தொடர்பே இல்லாத ஒரே நகரம் எல்லோருக்கும் முதலிடத்தில் நின்றால், விலகிவிடுங்கள். எந்தச் சேவைக்கும் கடவுச்சொல்லைத் தர வேண்டாம். பரிந்துரைக்கிறோம் என்ற பெயரில் பாடலின் உரிமையில் பங்கு கேட்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவும் வேண்டாம்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதைவிட, எத்தனை பேர் பாடலைத் தங்கள் நூலகத்தில் சேமித்தார்கள், எத்தனை பேர் உங்கள் பக்கத்துக்கு வந்து இன்னொரு பாடலையும் கேட்டார்கள் என்று பாருங்கள். முதல் சுற்றில் ஏற்ற அந்த ஒருவரின் பட்டியலிலிருந்து வந்தவர்களில் 14 பேர் பாடலைச் சேமித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைச் சாதாரணமாகக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிகவும் நம்பிக்கை தந்த வரி அதுதான். அந்தத் தொகுப்பாளருக்கு நன்றி தெரிவித்து எழுதுங்கள், அடுத்த பாடலை முதலில் அவருக்கே அனுப்புங்கள், அவர் பட்டியலில் உள்ள மற்றக் கலைஞர்கள் வேறு எந்தப் பட்டியல்களில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த பத்துப் பெயர்களை நீங்கள் எடுக்க வேண்டிய இடம் அது.

மறுகலவை முடிந்ததும் அதையும், அனுப்பத் தேர்ந்தெடுத்த பெயர்களையும், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு அனுப்பி வையுங்கள். கேட்டுவிட்டு, தேவையற்ற பெயர்கள் இருந்தால் நீக்கிப் பதில் எழுதுகிறேன். கலவையை ஹெட்ஃபோனில் மட்டும் சரிபார்க்காமல் காரிலும் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் ஒரு முறை கேட்டுவிட்டு அனுப்புங்கள். தொப்பியின் ஒலி கைப்பேசியில் முற்றிலும் மறைந்துவிட்டால், அதன் நடுப்பகுதி ஒலியை இன்னும் சற்று உயர்த்த வேண்டும்.